அடைகாத்த கல்

மதுராந்தகம் ஏரிக்கரை தாண்டியதும் பார்த்திபன் பைக்கை ஓரம் கட்டினான். ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே பின்னால் திரும்பினான்.

"இன்னொருவாட்டி சொல்லிடறேன். அப்பா முட்டைய காட்டுவாரு. 'சூப்பர் அங்கிள்'னு சொல்லு. அதுக்கு மேல ஒரு வார்த்தை வாணாம்."

"சரிப்பா, எத்தினிவாட்டி சொல்லுவ?" என்றாள் பிரியங்கா.

அவள் நிலவியல் படித்தவள். எந்த இடத்தில் தோண்டினால் தண்ணீர் வரும் என்று பார்த்துச் சொல்லும் கம்பெனியில் வேலை. பார்த்திபன் பம்ப்செட் விற்பவன். அவள் காட்டிய இடத்தில் தண்ணீர் வந்தால் அவன் மோட்டார் இறக்குவான். அப்படியே பழகி, பேச்சு கல்யாணம் வரைக்கும் வந்துவிட்டது. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் கொக்கிலமேடு அவள் ஊர். அப்பா தனக்கோடி கடலுக்குப் போகிறவர். பையனை ஒருமுறை பார்த்துவிட்டு உடனே சரி என்றுவிட்டார். பார்த்திபனின் அப்பா கோதண்டராமன்தான் பிடி கொடுக்கவில்லை. "கடலோரத்துப் பொண்ணு நம்ம வூட்டுக்கு ஒத்து வருமா? கூட்டிகினு வா, பாக்கலாம்" என்று சொல்லியிருந்தார். இன்றைக்குத்தான் அந்தப் பார்த்தல்.

கோதண்டராமனுக்கு அச்சரப்பாக்கத்தில் உரக்கடை. கடைக்கு ஒரு பெயர் இருந்தாலும் ஊருக்கு அவர் முட்டைக்காரர்தான். சில வருடங்களுக்கு முன் நிலத்தில் கிணறு வெட்டியபோது, உரித்த தேங்காயைவிடக் கொஞ்சம் பெரிதாக, செதுக்கி வைத்த மாதிரி வழவழப்பாக ஒரு கல் மேலே வந்தது. ஜேசிபிக்காரர் அதைப் பார்த்து டைனோசர் முட்டை என்றார். மறுநாள் லோக்கல் கேபிளில் காட்டினார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகள் வரிசையாக வந்து பார்த்தார்கள். கோதண்டராமன் ஹாலில் டிவி இருந்த இடத்தில் கண்ணாடிப் பெட்டி செய்து அதை வைத்தார். டிவி படுக்கையறைக்குப் போய்விட்டது. போனில் அதன் படத்தைப் பார்த்ததுமே பிரியங்காவுக்கு அது முட்டை இல்லை என்று தெரிந்துவிட்டது. பார்த்திபனிடமும் சொன்னாள். அவன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

வீட்டு வாசலில் அவன் அம்மா வேண்டா நின்றிருந்தாள். "வாம்மா, வெயில்ல வந்துகீற" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், ஃபேனுக்கு நேர் கீழே உட்கார வைத்து, தட்டில் வடையைக் குவித்தாள். அந்தக் கை நல்ல கை என்று பிரியங்காவுக்குத் தோன்றியது. கோதண்டராமன் எதிரில் உட்கார்ந்து அப்பாவின் போட் எப்படி, இந்த வருடம் மீன் எப்படி என்று இரண்டு மூன்று கேள்வி கேட்டார். பதில் முடியும் முன்னே எழுந்துபோய்ப் பெட்டியைத் திறந்தார். தூங்கும் குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் கல்லை எடுத்து வந்து அவள் மடியில் வைத்தார். அது நல்ல கனம்.

"சூப்பர் அங்கிள்" என்றாள் பிரியங்கா.

பார்த்திபன் மூச்சு விட்டான். ஆனால் அவர் முகம் வாடிப்போனது.

"எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. செல்பி எடுத்துகினு போயிடறாங்க. ஒருத்தன்கூட திருப்பிப் பாக்கல. நீ கல்லப் பத்திப் படிச்ச பொண்ணு. நீயும் அதையே சொன்னா எப்டிம்மா?"

பாராட்டு வாங்க வந்த முகமாக அது இல்லை. இத்தனை வருடமும் யாரிடமாவது கேட்க நினைத்து, கேட்கப் பயந்து, இன்றைக்குத் துணிந்து கேட்கிற முகம். பார்த்திபன் தலையை ஆட்டி வேண்டாம் என்றான். அவனைப் பார்த்தால் பொய் வந்துவிடும் என்று பிரியங்கா கல்லைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். பையிலிருந்து லென்ஸை எடுத்துக் கல்லின் மேல் கண்ணை ஒட்டிப் பார்த்தாள். அவசரப்படவில்லை. வேண்டா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.

"இது முட்டை இல்ல அங்கிள்."

கோதண்டராமன் எழுந்து ஜன்னலுக்கு வந்தார்.

"எத வெச்சி சொல்ற?"

"முட்டைன்னா ஓடு தனியா இருக்கணும். அதுல பொடிப்பொடியா ஓட்டை இருக்கும், உள்ள இருக்கற குஞ்சு மூச்சு விடறதுக்கு. கல்லா மாறினாலும் அந்த ஓட்டையோட அடையாளம் லென்ஸ்ல தெரியும். இதுல ஓடே இல்ல. ஓரத்துல சில்லு பேந்த எடத்துல பாத்தேன், வெளியில இருக்கற அதே கருங்கல்லு பொடிதான் உள்ளயும் மின்னுது. அதுவும் இல்லாம, உங்க நெலத்துல இருக்கற பாறை, பூமிக்கு அடியில அப்டியொரு சூட்டுல வெந்து வந்தது. அதுல எலும்பு, முட்டை, ஒண்ணும் தங்காது."

கோதண்டராமன் கல்லை வாங்கிக்கொண்டார். அதோடு பின்கட்டுக்குப் போனார். பார்த்திபன் பைக் சாவியை எடுத்துக்கொண்டான்.

"போச்சு. வா, கெளம்பலாம்."

"உக்காருடா" என்றாள் வேண்டா. "நானும் அத அடைகாத்து அடைகாத்து பேஜாராயிட்டேன். சாமி ரூம தொடைக்கறதுகூட ஒருநாள் தவறிடும், அதத் தொடைக்கறது தவறாது."

பின்வாசலில் இரும்பு உரசும் சத்தம் கேட்டது. கோதண்டராமன் தோளில் கடப்பாரையோடு வந்து நின்றார்.

"அந்த நெலத்துலயே காட்டு. அப்பதான் நம்புவேன்."

நால்வரும் போனார்கள். கிணற்றங்கரையில் அப்போது வாரிக் கொட்டிய கல் இன்னும் மேடாகக் கிடந்தது. பிரியங்கா பட்டுப் புடவையைச் சொருகிக்கொண்டு மேட்டைச் சுற்றி வந்தாள். ஓரிடத்தில் பாறையின் மூலை இற்று, அதற்குள்ளிருந்து பாதி உருண்டை எட்டிப் பார்த்தது. அவள் கடப்பாரை நுனியால் லேசாக நெம்பினாள். வெங்காயச் சருகுபோல ஒரு தோல் உதிர்ந்தது. அதன் கீழே இன்னொரு தோல்.

"விரிசல் வழியா தண்ணி எறங்கும். மூலையெல்லாம் மொதல்ல இத்துப்போயிடும். நடுவுல மட்டும் உருண்டையா நிக்கும்."

கோதண்டராமன் குனிந்து பார்த்தார். பிறகு அவரே மேட்டைக் கிளறினார். இங்கே ஒன்று, அங்கே ஒன்று. சின்னது, பெரியது. எல்லாம் அவருடைய முட்டைக்கு உடன்பிறந்தவை.

"அய்யோ, பண்ணையே வெச்சிருந்திருக்கேன்" என்றார். சிரிப்பதா அழுவதா என்று அவருக்கே தெரியவில்லை. "ஊருக்கு இன்னான்னு சொல்லுவேன்?"

"குஞ்சு பொரிச்சி ஓடிப்போச்சின்னு சொல்லு" என்றாள் வேண்டா. முதலில் வெடித்துச் சிரித்தவர் கோதண்டராமன்தான்.

"டைனோசரெல்லாம் நேத்து வந்தது அங்கிள்" என்றாள் பிரியங்கா. "இந்தப் பாறைக்கு வயசு ஏறக்குறைய எரநூத்தம்பது கோடி."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, நின்றிருந்த இடத்திலிருந்து ஒரு காலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டார்.

"அப்போ நெஜமானது எங்கதான் கெடைக்கும்?"

"இங்க பக்கத்துல முட்டை கெடைக்காது அங்கிள். ஆனா ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வெள்ளைக் களிமண் கல்லுல டைனோசர் காலத்து எலை பதிஞ்சிருக்கும். அங்கயும் ஏமாறலாம். கல்லு விரிசல்ல தண்ணியோட கறை ஊறிக்கூட செடி மாதிரி படரும். ஆனா நெஜ எலைக்கு நடு நரம்பு இருக்கும், அதுல இருந்து ஒரே ஒழுங்கா பிரியும். கறை கண்டபடி ஓடும்."

"ஞாயித்துக்கெழம போலாமா? உங்க நைனாவையும் கூட்டிகினு வா, பேசணும்." மகன் பக்கம் கையை நீட்டினார். "இவன் கார் ஓட்டட்டும்."

பார்த்திபன் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். எங்கே பார்ப்பதென்று தெரியாமல் கிணற்றுக்குள் பார்த்தான்.

வேண்டா கல்மேட்டின் மேல் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு சின்ன உருண்டை. நகத்தால் ஒரு தோலை உரித்தாள். உள்ளே இன்னும் சின்னதாக ஓர் உருண்டை. அதையும் வெயிலில் திருப்பிப் பார்த்துவிட்டு, அடுத்த தோலைத் தேடி விரலை ஓட்டினாள்.