மயிலிட்டி வீட்டுக்குச் சோலை வரி

தொண்ணூறாம் ஆண்டு ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், மயிலிட்டியில் இருந்த லூர்த்தம்மாவின் கல்வீடு கோப்பாய்க்கு நடந்து வந்து சேர்ந்தது. மண்ணெண்ணெய் மறுபடியும் விலை ஏறிய கிழமை அது. ஆகவே சனம் வீட்டைப் பற்றி அதிகம் கதைக்கவில்லை. இரண்டு அறை, முன்விறாந்தை, ஓட்டுக் கூரை, சிவப்புச் சீமெந்துத் தரை எல்லாம் சேதமில்லாமல் வந்தன. குசினியைக் கட்டும்போதே தள்ளிக் கட்டியிருந்தபடியால் அது தனியாகத்தான் வந்தது, பொழுதுபடுகிற நேரத்தில். கிணறு வரவில்லை. புன்னாலைக்கட்டுவனில் வீடு றோட்டைக் கடந்தபோது சைக்கிள்காரர்கள் இறங்கி நின்று வழிவிட்டார்களாம். உரும்பிராயில் வெங்காயப் பாத்தி ஒன்றையும் மிதிக்காமல் வரம்போடு வந்ததாம். மிதித்திருந்தால் நட்டஈடு கேட்டு யாராவது கட்டாயம் வந்திருப்பார்கள். ஒருவரும் வராதபடியால் உண்மை என்றே எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

லூர்த்தம்மா அப்போது கோப்பாயில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் இருந்தாள். ஆனி மாதம் மயிலிட்டியில் செல் குண்டு விழத் தொடங்கியபோது உடுத்த சேலையோடு வெளிக்கிட்டவள். புருசன் சிமியோனும் மகள் அருமைநாயகியும் கூட வந்தார்கள். ஒரு பழைய சேலையைக் குறுக்கே கட்டி, இந்தப் பக்கம் அவர்களும் அந்தப் பக்கம் இன்னொரு குடும்பமுமாக இரண்டு மாதம் போயிருந்தது. செய்தி கேட்டதும் போய்ப் பார்த்தாள். சுவரில் விரலைத் தேய்த்து நாக்கில் வைத்தாள், உப்புக் கரித்தது. தங்கள் வீடுதான். குசினிக்குள் அன்றைக்கு வைத்துவிட்டு வந்த மீன்குழம்புச் சட்டி அப்படியே இருந்து நாறிக்கொண்டு கிடந்தது. அதைக் கொண்டுபோய்ச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவியபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

"அதுக்கும் அங்கை இருக்க ஏலாமல் போச்சுது," என்றான் சிமியோன். வீடு ஏன் வந்தது என்பது பற்றி யாரும் சொன்னது அவ்வளவுதான். சனம் கேட்டது வேறு கேள்வி. வந்த வீட்டுக்கு இனி வரியை யாரிடம் கட்டுவது?

வீடு வளவுக்குக் கட்டுகிற வரியை எங்கள் பக்கத்தில் சோலை வரி என்பார்கள், வளவில் சோலை இருந்தாலும் ஒரு முருங்கை கூட இல்லாவிட்டாலும். அந்த வரி யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் வீட்டுக்காரர் என்று கலியாணத் தரகர் முதல் காணி உறுதிப் பத்திரம் எழுதுகிற நொத்தாரிசு வரை எல்லாரும் நம்புவார்கள். லூர்த்தம்மாவுக்கு அது மிகவும் வேண்டியிருந்தது. குருநகரில் செபநாயகம் என்ற பெடியனுக்கு அருமைநாயகியைப் பேசியிருந்தார்கள். மயிலிட்டி வீடு சீதனம் என்று வாய்வார்த்தை கொடுத்தாயிற்று. பெடியனின் தாய் மரியநாயகி வந்தாள், வீட்டைச் சுற்றிப் பார்த்தாள், தேத்தண்ணி குடித்தாள். "வீடு நல்ல வீடுதான். ஆனால் மயிலிட்டி உறுதியிலை வடக்கு எல்லை கடற்கரை எண்டெல்லோ கிடக்குது," என்றாள். "இஞ்சை எங்கை கடற்கரை? சோலை வரியைப் பிள்ளையின்ரை பேரிலை போட்டுப்போட்டு ஆளனுப்புங்கோ. நாங்கள் ஓடிவிட மாட்டம்." சொன்னபடி அவள் ஓடவுமில்லை, கலியாணத்துக்கு நாள் வைக்கவுமில்லை.

வரிக் கந்தோரில் இராசநாயகம் என்று ஒரு உத்தியோகத்தர் இருந்தார். கெட்ட மனிதர் இல்லை, களைத்த மனிதர். சம்பளம் வருகிற மாதமும் வராத மாதமும் ஒரே மாதிரிக் காலையில் வந்து கதிரையில் இருப்பார். சனம் வந்து கேட்கும். குண்டு விழுந்து கூரை போன வீட்டுக்கு முழு வரியா, அரை வரியா? கனடாவில் இருக்கிற தமையனின் வீட்டில் சும்மா குடியிருக்கிறவன் கட்ட வேண்டுமா? சனசமூக நிலையத்தின் முன்னறையில் தையல் வகுப்பு வைத்தால் வரி விலக்குப் போய்விடுமா? எல்லாவற்றுக்கும் சட்டத்தில் இடமிருந்தது, அவரும் கண்ணை மூடிக்கொண்டு பதில் சொல்லுவார். லூர்த்தம்மா தன் கேள்வியைச் சொன்னபோதுதான் கண்ணைத் திறந்தார்.

"இந்த வருசத்து வரியை மயிலிட்டியிலை கட்டிப்போட்டியளோ?"

"ஓம் ஐயா. மாசியிலையே கட்டினது."

"அப்ப இந்த வருசம் இஞ்சை கேக்கேலாது. ஒரு வீட்டுக்கு ரெண்டு தரம் வரியில்லை. வாற வருசம் வந்து பாக்கிறன்."

வருகிற வருசம் வருவதற்குள் இன்னொரு சிக்கல் முளைத்தது. வீடு வந்து நின்றது பிள்ளையார் கோவிலுக்குச் சொந்தமான வெறுங்காணியில். கோவில் சபைத் தலைவர் கனகலிங்கம் கந்தோருக்கு வந்து, வேதக்காரர் வீடு நிற்பது பற்றித் தங்களுக்கு ஒரு மனக்குறையும் இல்லை, உள்ளே மாதா சுரூபம் இருந்தாலும் பிள்ளையார் கோபிக்க மாட்டார், ஆனால் கோவில் காணிக்கு இருக்கிற வரி விலக்குப் போய்விடுமோ என்று கேட்டார். வாடகை எடுத்தால் போகும் என்றார் இராசநாயகம். அப்படியானால் வாடகையே வேண்டாம் என்றார் கனகலிங்கம். வாடகை இல்லையென்றால் குத்தகை இல்லை, குத்தகை இல்லையென்றால் அந்தக் காணியில் நிற்கிற வீட்டை இன்னொருத்தி பெயரில் பதிய வழியில்லை என்றார் இராசநாயகம். லூர்த்தம்மா கந்தோர் விறாந்தையில் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தாள். வழி முழுக்க வெயில்.

இதற்கிடையில் வீட்டுக்கு ஒரு குணம் இருந்தது தெரியவந்தது. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று எழும்பினால் அது வடக்கே, கடல் பக்கம், மெல்ல நகரும். பெரிய தூரம் இல்லை. விடியப் பார்த்தால் வாசல்படிக்கும் செவ்வரத்தைச் செடிக்கும் இடையில் புதிதாக ஒரு பாய் விரிக்கலாம், அவ்வளவுதான். அசைகிற சொத்துக்குச் சோலை வரி இல்லை என்று இராசநாயகம் முன்னமே சொல்லியிருந்தார். அவர் மதிப்புப் பார்க்க வரும் நாள் தெரிந்ததும் லூர்த்தம்மா வீட்டை எப்படி நிறுத்துவதென்று எல்லாரையும் கேட்டாள். சிமியோன்தான் வழி சொன்னான். கடற்காரனுக்கு ஒன்றை அசையாமல் நிறுத்த ஒரு வழிதானே தெரியும். அவனுடைய மைத்துனன் நீக்கிலாப்பிள்ளை எங்கேயோ போய் ஒரு நங்கூரம் வாங்கி வந்தான். அதை வளவில் ஆழமாகத் தாட்டு, நைலோன் கயிற்றால் விறாந்தைத் தூணோடு நல்ல முடிச்சாகக் கட்டினார்கள். எந்தத் துறைமுகத்திலும் பார்க்க வருகிறவன் முதலில் முடிச்சைத்தான் பார்ப்பான். உத்தியோகத்தரும் பார்த்துத் திருப்திப்படுவார் என்று நினைத்து லூர்த்தம்மா முற்றத்தையும் கூட்டித் தண்ணீர் தெளித்து வைத்தாள்.

இராசநாயகம் சைக்கிளை விட்டு இறங்கி, வீட்டை நீளம் அகலம் அளந்து, வாடகைக்கு விட்டால் என்ன கிடைக்கும் என்று யோசித்து, எங்கே போய் நிற்கும் என்று நிச்சயமில்லாத வீட்டுக்கு எவன் முற்பணம் கொடுப்பான் என்று அதில் கொஞ்சம் கழித்து, எழுதப்போன நேரத்தில் கயிற்றைக் கண்டார்.

"உது என்னம்மா?"

"நங்கூரம் ஐயா. இனி அசையாது."

"அசையாத சாமானுக்கு என்னத்துக்கு நங்கூரம்?"

சிமியோன் மேலே ஓட்டைப் பார்த்தான். நங்கூரம் போட்டுக் கட்டியிருப்பதை வீடு என்று எழுதத் தனக்கு மனச்சாட்சி இடம்கொடுக்காது என்றும், இது வள்ளத்தோடு சேர்ந்தது என்றும், வள்ளங்கள் கடற்றொழில் கந்தோருக்கு உரியவை என்றும் இராசநாயகம் சொல்லிவிட்டுப் போனார். கடற்றொழில் கந்தோரோ மீன்பிடிக்கத் தடை போட்டுக் கடல் மூடிய நாளிலிருந்து பூட்டிக் கிடந்தது. லூர்த்தம்மாவுக்கு வெட்கமும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அன்றைக்கு அவள் உலை வைக்கவில்லை. "உங்கடை மூளையைக் கொண்டுபோய்க் கடலிலை போடுங்கோ," என்று புருசனைத் திட்டினாள். அதைப் போடவும் கடலுக்குப் போக முடியாது என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

நங்கூரத்தைக் கிளப்பி எடுத்தார்கள். அடுத்த கச்சானுக்கு லூர்த்தம்மா ஒரு கதிரையைப் போட்டு வடக்குச் சுவரோடு சாய்ந்து இருந்துகொண்டு வீட்டோடு கதைக்கத் தொடங்கினாள். "பொறு மோனை," என்பாள். "எனக்கும் அங்கை போகத்தான் ஆசை. உவளை ஒருத்தன்ரை கையிலை குடுக்குமட்டும் பொறு." பகல் முழுக்கக் காற்று அடிக்கும். ஓடுகள் கடகடவென்று ஆடும். சுவர் அவளுடைய முதுகில் பாரமாகச் சாயும், ஆனால் கால் எடுத்து வைக்காது. அடுத்த வருசமும் அப்படித்தான். அவளுக்கு இடுப்பு நோ பிடித்தது அந்த வருசங்களில்தான். சிமியோன் வெங்காயத் தோட்டங்களில் கூலிக்குப் போனான், மண்வெட்டி பிடித்துக் கை கொப்பளித்தான். அருமைநாயகிக்கு வயது ஏறியது. செபநாயகம் மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் வந்து, வீடு நிற்கிறதா என்று பார்க்கிற சாட்டில் அவளைப் பார்த்துவிட்டுப் போனான்.

வாடகைச் சிக்கலை அவிழ்த்தவர் கனகலிங்கம். வருசத்துக்கு ஒரு தேங்காய் வாடகை, அதைப் பிள்ளையாருக்குச் சிதறு தேங்காயாக அடித்துவிடுவது, சிதறினதைப் பொறுக்கித் தின்கிறது வீதியிலிருக்கிற பிள்ளைகள் என்றால் கோவிலுக்கு வருமானம் எங்கே என்று கேட்டார். இராசநாயகம் இரண்டு கிழமை யோசித்தார். கடைசியில், அடித்த தேங்காய்க்கு வரியில்லை என்று ஒத்துக்கொண்டார். தொண்ணூற்று நாலு தையில் வீட்டுக்கு இலக்கம் விழுந்தது, அருமைநாயகியின் பெயரில். தகரத்தில் எழுதிய இலக்கத்தைச் சிமியோன் கதவு நிலையில் அறைந்தான். ஒரு நிபந்தனை இருந்தது. வீடு நிற்கிற இடத்தை விட்டுக் கிளம்பினால் பெயர் வெட்டப்படும், திருப்பிப் பதிய ஏலாது. மரியநாயகி அதையும் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் கலியாணத்துக்குச் சம்மதித்தாள். கலியாணம் நடந்தது, ஒரு பெண்பிள்ளையும் பிறந்தது. ஊரில் வரி கட்டுவதைச் சந்தோசமாகச் செய்த ஒரே ஆள் லூர்த்தம்மா. மகளுக்காக அவளே கந்தோருக்குப் போவாள், பூசைக்குப் போகிற சேலையை உடுத்திக்கொண்டு.

தொண்ணூற்றைந்து ஐப்பசிக் கடைசியில் ஆமி கிட்ட வருகிறது, கோப்பாய் உட்பட வலிகாமத்துச் சனம் முழுவதும் வெளிக்கிட வேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். பின்னேரம், நல்ல மழை. கோப்பாயிலிருந்து கைதடிக்குப் போகிற றோட்டில் சனம் அடி அடியாக நகர்ந்தது. சூட்கேஸ், ஆடு, தையல் மெசின், நாற்காலியோடு தூக்கின நோயாளிகள். லூர்த்தம்மா வாசலில் நின்றாள். சுவர்கள் மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தன. கிளம்பத்தான் போகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. கதவு நிலையில் கையை ஊன்றி, "வேண்டாம், நில்லு, உன்னை விட்டால் அவளுக்கு என்ன கிடக்குது," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். செபநாயகம் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, போவதா நிற்பதா என்று தெரியாமல் மாமியைப் பார்த்தான்.

அந்த நேரத்தில் இராசநாயகம் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். பின் கரியரில் அவருடைய மனைவி மீனாம்பிகை, முட்டு வருத்தக்காரி. உரப்பை ஒன்றைத் தலையில் போட்டுக்கொண்டு, மூச்சு எடுக்க முடியாமல் இழுத்தபடி இருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. அவர் வீட்டைப் பார்த்தார். அது அசைகிறதையும் பார்த்தார். நனைந்த கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்த சேட்டும் நனைந்துதான் இருந்தது.

"அம்மா, உது கிளம்பினால் பேர் வெட்டவேணும். சொல்லாமல் விட்டனெண்டு நாளைக்குச் சொல்லக்கூடாது," என்றார். குரலில் கண்டிப்பு இல்லை. வேறு என்ன கதைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

லூர்த்தம்மா மகளைப் பார்த்தாள். வீடு மகளுடையது. அருமைநாயகி உள்ளே போய், குழந்தைக்கு விரித்திருந்த பாயைச் சுவரோரமாக இழுத்து, தலையணையை உயர்த்தி வைத்துவிட்டு வந்து, மீனாம்பிகையின் கையைப் பிடித்தாள்.

"வெட்டுங்கோ ஐயா," என்றாள் லூர்த்தம்மா. "முதல் அக்காவை உள்ளுக்கை கொண்டுவாங்கோ."

கதவு நிலையிலிருந்து கையை எடுத்தாள். வீடு எழும்பியது. றோட்டில் போன சனத்தில் நடக்க ஏலாதவர்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள், அறைகள் நிறைந்தன, விறாந்தை நிறைந்தது. குசினி பின்னால் வந்தது, அதிலும் ஆட்கள். கைதடிக்குப் போகிற பாலத்தில் இடமில்லாதபடியால் வீடு பக்கத்துக் கடல்நீரில் இறங்கி முழங்காலளவு தண்ணீரில் நடந்தது. கடற்கரையில் பிறந்த வீட்டுக்கு அது ஒரு பொருட்டில்லை. மீனாம்பிகைக்குக் கைதடி தாண்டிய பிறகு மூச்சு வந்தது. இராசநாயகம் அவளுடைய காலடியில் குந்தியிருந்து, கூடக் கொண்டுவந்த வரிப் புத்தகத்தில், சொன்னபடியே அருமைநாயகியின் பெயரை வெட்டினார். வெட்டிவிட்டு அழுதார். லூர்த்தம்மா அவருக்குக் குடிக்கச் சுடுதண்ணீர் கொடுத்தாள். அவளுக்கும் மனம் எரிந்துகொண்டுதான் இருந்தது.

விடிந்தபோது வீடு தென்மராட்சியில் ஒரு தென்னங்காணியில் நின்றது. காணிக்காரர் செல்வரட்ணம் வேப்பங்குச்சியோடு வந்து, வீட்டையும் உள்ளே நெருக்கியடித்துப் படுத்திருந்த சனத்தையும் ஒரு தரம் பார்த்தார்.

"இருங்கோ பிள்ளை, அதுக்கென்ன," என்றார். "கிணத்தடியை மறைச்சு நிக்குது. கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்கோ."

லூர்த்தம்மா சொன்னாள். வீடு தள்ளி நின்றது.