சுருட்டின் பூர்வீகம்

அகராதியைக் கையில் வைத்துக்கொண்டு சலூன் வாசலில் நின்றவளுக்கு உள்ளே போகக் கால் வரவில்லை. அப்பாவின் குரல் தெருவுக்கே கேட்டது.

"'கட்'ங்கிற இங்கிலீஷ் வார்த்தை எதுலேருந்து வந்துச்சு? இதோ, இந்தக் கத்தியிலேருந்து! எம் பொண்ணு அகராதி ஆபீஸ்லதானே இருக்கா, புதுப் பதிப்புல போட்டுருவா."

தொண்டைக்குழிக்குப் பக்கத்தில் கத்தி இருக்கும்போது எந்த வாடிக்கையாளர் மறுத்துப் பேசுவார்? இப்படியே பல வருஷமாக ஆங்கிலத்தில் பாதியைத் தமிழுக்கு எழுதி வாங்கிவிட்டார் மனிதர்.

சொற்களின் பூர்வீகம் பார்ப்பதுதான் அவள் வேலை. அப்பா சொன்னாரே என்று ஆசை ஆசையாய்த் தேடத்தான் செய்தாள். ஒரு துரும்புகூடச் சிக்கவில்லை. போடவில்லை. அதை அவரிடம் சொல்லத் தைரியமும் வரவில்லை. இன்று பதிப்பு வந்துவிட்டது, கடை நிறைய ஆட்கள். அத்தனை பேர் முன்னால் அவர் முகம் சுண்டிப்போகுமே என்றுதான் வாசலிலேயே நின்றாள்.

கண்ணாடியில் அவளைப் பார்த்துவிட்டார். "வந்துட்டா! அந்தப் பக்கத்த எடும்மா, எல்லாரும் பாக்கட்டும்."

"அது இல்லப்பா. 'கட்' எங்கேருந்து வந்துச்சுன்னு யாருக்குமே நிச்சயமாத் தெரியல. கத்திக்கு ஆதாரம் இல்ல. நான் போடல."

பெஞ்சில் இருந்த மளிகைக்கடைக்காரர் களுக்கென்று சிரித்தார். "சொந்தப் பொண்ணே கைய விரிச்சுட்டாளே அண்ணே!"

அப்பா கத்தியை மடக்கினார். அவள் அவசரமாக வேறொரு பக்கத்தைப் பிரித்தாள். "செரூட். இது நம்ம சுருட்டுப்பா. பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்குப் போச்சு. இடம் பத்தல, பிரெஞ்சோட நிறுத்துன்னு எங்க பதிப்பாசிரியர் சொன்னாரு. நான் விடல. பழைய ஆதாரத்தையெல்லாம் எடுத்து வச்சு மல்லுக்கு நின்னேன். தமிழ்னு போட்டிருக்கு, பாருங்க."

அப்பா குனிந்து அந்த வரியைப் பார்த்தார். பிறகு மளிகைக்கடைக்காரர் பக்கம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரும்பினார்.

"பெத்த அப்பன் சொன்னதையே ஆதாரம் இல்லன்னு தள்ளினவ இவ. இவ தமிழ்னு எழுதினா, அத அசைக்க எவனால முடியும்?"

மளிகைக்கடைக்காரர் சிரிப்பை விழுங்கினார். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை, கண் நிறைந்துவிட்டது.

அப்பா துண்டில் கையைத் துடைத்தார். போதாதென்று மறுபடியும் துடைத்தார். அகராதியை வாங்கி, பாதி மழித்த முகத்தோடு நாற்காலியில் இருந்தவரின் மடியில் விரித்து வைத்தார். அவர் தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் தாழ்த்தி, அந்த வரியை எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தார்.