பஹுவா வாழ்ந்த ஊர்கள்

விண்ணப்பம் மாலை ஐந்து மணிக்குள் போய்ச் சேர வேண்டும். பொதுச் சுகாதாரத்தில் முதுகலைப் படிப்பு. எல்லாம் தயார். பன்முகத்தன்மை அறிக்கைதான் பாக்கி. உங்கள் பின்னணியிலிருந்து எங்கள் துறைக்கு என்ன கொண்டு வருவீர்கள் என்று ஐந்நூறு சொற்களுக்குள் சொல்ல வேண்டும்.

என் முதல் வரி: "இருபத்தெட்டு வயதில் மனைவியை இழந்தேன்."

மதியம் செங் வந்தான். என் மனைவி பஹுவாவின் தம்பி. ஃப்ரெஸ்னோவில் டயர் கடை வைத்திருக்கிறான். அவள் இறந்ததிலிருந்து பதினான்கு மாதங்களாக ஞாயிறுதோறும் சாப்பாடு கொண்டு வருகிறான். பப்பாளி சாலட்டையும் ஒட்டரிசிச் சோற்றுக் கூடையையும் மேசையில் வைத்துவிட்டு, கேட்காமலே மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பினான்.

"என்ன மச்சான் இது, ஒப்பாரியா?"

"கஷ்டத்தைச் சொன்னாத்தான் எடுப்பாங்களாம்."

"கஷ்டம் வேணும்னா என் கடைக்கு வா. நேத்து நாலு பேரு சொல்லிட்டுப் போனானுங்க. ஒருத்தனும் டயர் வாங்கல."

மேலே படித்தான். சிரிப்பு நின்றது.

"அக்கா இதுல சாகுறா மச்சான். வேற ஒண்ணுமே பண்ணல. அவ சாவைக் காட்டி சீட்டு கேக்கப் போறியா?"

ஒரு வாரமாக என்னையே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது.

"நீ போட்டுத் தர்ற ஊர்ப் பட்டியலைப் பத்தி எழுத வேண்டியதுதானே?"

"அது படிப்பு விஷயமா? நம்ம வீட்டு விஷயம்."

"பதினாலு குடும்பம் உன்னைத் தேடி வந்துச்சு. அப்புறம் என்ன வீட்டு விஷயம்?"

எங்கள் ஹ்மாங் மக்களில் ஒருவர் இறந்தால், சாவுச் சடங்கில் வழிகாட்டி என்னும் பெரியவர் பாடுவார். இறந்தவர் வாழ்ந்த ஊர்களைக் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லி, அந்தந்த மண்ணுக்கு நன்றி கூறி, பிறந்த இடம்வரை உயிரைத் திரும்ப அழைத்துப் போவார். பஹுவாவின் பட்டியலை நான்தான் எழுதிக் கொடுத்தேன். மெர்செட் என்ற ஊரை விட்டுவிட்டேன். அங்கே எட்டு மாதம் படித்தாள். பெரியவர் அதைத் தாண்டிப் பாடிக்கொண்டிருந்தபோது நினைவு வந்தது. பாட்டை இடையில் நிறுத்தக் கூடாது. நிறுத்தினேன். என்னை ஒரு நிமிடம் முறைத்தார். பிறகு மெர்செட்டுக்குத் திரும்பிப் போய், அங்கிருந்து மறுபடி பாடினார்.

இது ஊரெல்லாம் தெரிந்துவிட்டது. அதன் பிறகு, வயதான பெற்றோருக்குப் பட்டியல் எழுதித் தரச் சொல்லிப் பிள்ளைகள் என்னிடம் வரத் தொடங்கினார்கள். பெற்றோர் அகதிகளாக இருந்த தாய்லாந்து முகாம்களின் பெயர்கூட அவர்களுக்குத் தெரியாது. உயிரோடு இருப்பவரிடம் சாவுக்கான பட்டியல் கேட்பது அபசகுனம். நான் மருத்துவமனையில் ஹ்மாங் மொழிபெயர்ப்பாளன். அதனால் நோய் விவரம் கேட்பதுபோலக் கேட்பேன்: "எந்தெந்த ஊர்ல இருந்தீங்க? அங்க என்ன சாப்பிட்டீங்க?" வயதானவர்கள் சந்தோஷமாகச் சொல்வார்கள். ஒருவர் முகாமில் ஆற்றுமீனைப் பச்சையாகத் தின்றதைச் சொன்னார். அதை மருத்துவரிடம் சொன்னேன். இரண்டு வருடமாகப் பிடிபடாத அவருடைய ஈரல் நோய்க்கு அன்றுதான் காரணம் கிடைத்தது: பச்சை மீனிலிருந்து வந்த புழு. இப்போது மருத்துவர்களே ஊர்களைக் கேட்கச் சொல்கிறார்கள்.

முதல் வரியை அழித்தேன். "என் மனைவி பஹுவா மெர்செட்டில் எட்டு மாதம் படித்தாள். அதை நான் மறந்தேன்" என்று தொடங்கினேன். மற்றவை தானாக வந்தன. கேள்வி கேட்கும் முறை, பதினான்கு குடும்பங்கள், மீன். அறுநூறு சொற்கள் ஆகிவிட்டன. செங் சத்தமாகப் படிக்கப் படிக்க நான் குறைத்தேன்.

"ஈரல்ல கை வைக்காத. அதான் விறுவிறுப்பா இருக்கு."

நான்கு நாற்பதுக்கு அனுப்பினேன். விண்ணப்பம் கிடைத்தது என்று பதில் வந்தது. அவ்வளவுதான். முடிவு மார்ச்சில்.

"சீட்டு கிடைச்சா படிக்க சாக்ரமென்டோ போகணுமே, மச்சான். வீடு பாத்தியா?"

பார்க்கவில்லை. அவள் போன பிறகு அடுத்த மாதத்தைப் பற்றிக்கூட நான் யோசித்ததில்லை. வாடகை வீடுகளின் பக்கத்தைத் திறந்தேன். செங் சோற்றுக் கூடையோடு நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அது வேணாம். ஜன்னலே இல்ல. அடுத்ததைக் காட்டு."