அசனப் பந்தி

2007 மே மாதம் நடந்த அசனத்தில் அம்மா பந்தியில் போய் உட்கார்ந்தாள். நான்கு வருடமாக அவள் அந்தப் பந்தலுக்குள் கால் வைத்ததில்லை. வருடத்துக்கு ஒருநாள் ஆராதனை முடிந்ததும் ஊரே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதைத்தான் எங்கள் பக்கம் அசனம் என்போம். வேதக்காரர்கள் என்கிற கிறிஸ்தவர்கள், மற்றவர்கள் என்ற பேதமெல்லாம் கிடையாது. ஆனைக்குட்டம் பக்கமிருந்தும் ஆமத்தூரிலிருந்தும் சொந்தபந்தம் வரும். வேதக் கோயிலுக்குப் பின்னால் தென்னங்கீற்றுப் பந்தல் போட்டிருப்பார்கள். விடியும் முன்பே ஆட்டுக்கறி வேகும் வாசம் எங்கள் தெரு வரைக்கும் வந்துவிடும். இப்போது மதுரை ஆஸ்பத்திரியில் நர்சாக இருக்கிறேன். எங்காவது பெரிய அண்டாவில் மசாலா கொதித்தால் அந்தப் பந்தலும், இலையில் தெளித்த தண்ணீரும், பக்கத்தில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்த அம்மாவும் ஞாபகத்துக்கு வந்துவிடும். எனக்கு அன்று பதினோரு வயது. அம்மா வந்த சந்தோஷத்தில் அவள் எதற்காக வந்தாள் என்று நான் யோசிக்கவில்லை.

அம்மா பெயர் வேதக்கனி. அப்பா நான் கைக்குழந்தையாக இருந்தபோதே மஞ்சள்காமாலையில் போய்விட்டார். அம்மா வெடி கம்பெனி வேலைக்குப் போய்த்தான் என்னை வளர்த்தாள். அவளும் எதிர்வீட்டு வள்ளித்தாயும் ஒரே வேனில் போய் ஒரே வேனில் வருவார்கள். வள்ளித்தாய் வீட்டில் கும்பிடுவது மாரியம்மனை. எங்கள் வீட்டில் சிலுவை. அதனால் அவர்களுக்குள் ஒன்றும் வந்ததில்லை. பொங்கலுக்கு அங்கிருந்து கரும்பு வரும், கிறிஸ்துமஸுக்கு இங்கிருந்து முறுக்கு போகும். என் தலைமுடியில் பேன் பார்ப்பது வள்ளித்தாய்தான். அம்மாவுக்கு அதற்குப் பொறுமை கிடையாது.

2003 ஆவணியில், தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்தபோது, அந்தக் கம்பெனியில் வெடிமருந்து செலுத்தும் ரூம் ஒன்று வெடித்தது. வள்ளித்தாயோடு சேர்த்து மூன்று பேர் செத்தார்கள். நாலு பேர் மட்டும் இருக்க வேண்டிய ரூமில் எட்டுப் பேரை உட்காரவைத்து, உச்சி வெயிலில் வேலை வாங்கியது போர்மேன் அருமைநாயகம். எங்கள் சபையைச் சேர்ந்தவர்தான். அன்று வெக்கை தாங்காமல் வள்ளித்தாய் எழுந்து வெளியே வந்து, வேப்பமரத்தடியில் அம்மாவோடு நின்றிருக்கிறாள். "உள்ள மூச்சு முட்டுதுக்கா" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது அருமைநாயகம் வந்து சத்தம் போட்டு உள்ளே போகச் சொன்னார். லோடு நிற்கிறது, ஆர்டர் முடியணும் என்றார். அவள் போய் வாசல்படியில் கால் வைத்தபோதுதான் வெடித்தது. நிலைவாசல் அவள் மேல் விழுந்தது. ஓடிப்போய் அதைத் தூக்கப் பார்த்ததில் அம்மாவின் இடதுகை முழங்கை வரை வெந்துபோயிற்று.

விசாரணையில் அருமைநாயகம், வள்ளித்தாய் மருந்துச் சட்டியைத் தரையில் போட்டு இழுத்ததால் தீப்பிடித்தது என்று சொல்லிவிட்டார். கட்டுப்போட்ட கையோடு போய் அம்மா நடந்ததைச் சொன்னாள். கடைசியில் வந்த தாளில் அவள் சொன்னது எதுவும் இல்லை. வள்ளித்தாயின் கவனக்குறைவு என்றுதான் இருந்தது. செத்துப்போன மற்ற இரண்டு பேருடைய வீட்டாரும் வள்ளித்தாய் வீட்டு வாசலில் மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனார்கள். அவள் புருஷன் இருளாண்டி கையைக் கட்டிக்கொண்டு அதைப் பார்த்து நின்றான்.

அவனிடமும் அம்மா சொல்லிப் பார்த்தாள். "தாள்ல எளுதியிருக்குல்லக்கா. நீங்க அவ கூட்டாளி. விட்டுக்கொடுக்காமப் பேசுறீக" என்றான். ஆறு மாதத்தில் அருமைநாயகம் அவனைக் கூப்பிட்டு வாட்ச்மேன் வேலை கொடுத்தார். அம்மாவுக்கு அதற்குப் பிறகு எந்தக் கம்பெனியும் வேலை கொடுக்கவில்லை. அவள் வெம்பக்கோட்டைப் பக்கம் கரிமூட்டத்துக்குச் சீமைக்கருவேலம் வெட்டப் போனாள்.

அருமைநாயகத்துக்கு எல்லாம் ஏறுமுகமாகவே இருந்தது. மேனேஜர் ஆனார். சொந்தமாக ஒரு கம்பெனி வைத்தார். மூத்த மகளுக்கு டாக்டர் படிக்க இடம் கிடைத்தது. சபைக் கமிட்டியில் அவர்தான் முதல் ஆள். கோயில் வாசலில் புதிதாகக் கட்டிய வளைவில் அவர் பெயரைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். அம்மா ஞாயிற்றுக்கிழமை அதன் கீழே குனிந்த தலையோடு நுழைவாள். திரும்பி வரும்போது, கண்மாய்க்கரையில், என் கையைப் பிடித்துக்கொண்டே ஆண்டவரிடம் பேச ஆரம்பிப்பாள். அது ஜெபம் மாதிரியே இருக்காது, பக்கத்து வீட்டுக்காரரிடம் சேதி சொல்வது மாதிரி இருக்கும். "காரு வாங்கிட்டாருப்பா, வெள்ளக் காரு. பாத்தீகளா?" என்பாள். "மகளுக்கு எடம் கெடச்சிருச்சாம். நீங்கதான குடுத்திருப்பீக" என்பாள். கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, "அந்தப் புள்ள நல்லா இருக்கட்டும். அது என்ன செஞ்சுச்சு" என்பாள்.

போதகர் ஒருமுறை வீட்டுக்கு வந்து, பொறுமையாக இரு, ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்றார். அம்மா அவருக்குக் காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னாள்: "பொறுத்துக்கிட்டுத்தான் இருக்கேன் ஐயா. அவருக்குக் கெடுதல் வரணும்னு நான் ஒருநாளும் கேக்கல. ஆனா வாய மூடிக்கிட்டு இருக்கணும்னும் வேதத்துல இருக்கா?" போதகர் காப்பியைக் குடித்துவிட்டு ஜெபம் பண்ணாமலே போய்விட்டார்.

அந்த வருடத்து அசனம் அருமைநாயகத்தின் உபயம். ஆடு, அரிசி, இலை எல்லாமே அவர் செலவு. வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே சோற்று வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசையாகப் பரிமாறி வந்தார். எதிர்வரிசையில், எங்களுக்கு நேரே, இருளாண்டி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இரண்டு இலை தள்ளி வரும்போதே அருமைநாயகம் அம்மாவைப் பார்த்துவிட்டார். முகம் மலர்ந்துதான் வந்தார். அதை நான் மறுக்க மாட்டேன்.

"வா வேதக்கனி. வந்தது சந்தோசம்" என்று கரண்டியை வாளிக்குள் விட்டார்.

அம்மா வெந்து சுருங்கிய இடதுகையை இலைக்கு மேல் விரித்து வைத்தாள்.

"எனக்கு வேண்டாம் அண்ணாச்சி. இந்தா எதுத்தாப்புல இருளாண்டி இருக்காரு. வள்ளித்தாயி மேல தப்பு இல்லைன்னு அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. பெறகு போடுங்க, சாப்பிடுறேன்."

குரலை உயர்த்தவே இல்லை. ஆனாலும் அந்த வரிசை முழுவதும் கேட்டது. சாம்பார் வாளிக்காரர் அப்படியே நின்றார். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. கரண்டியில் இருந்த சோறு ஆவி பறந்துகொண்டிருந்தது. அருமைநாயகம் எதிர்வரிசையை ஒருமுறை பார்த்தார். வாயைத் திறந்தார். பிறகு அந்தச் சோற்றை என் இலையில் வைத்தார். அடுத்த இலைக்கு நகர்ந்து போய்விட்டார்.

இருளாண்டி பாதிச் சாப்பாட்டில் இலையை மடக்கிவிட்டு எழுந்து போனான். அம்மா வெறும் இலைக்கு முன்னால், பந்தி முடிகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தாள். "நீ சாப்பிடு புள்ள. தண்ணி குடிக்காம முழுங்காத" என்று எனக்குத் தண்ணீரை எடுத்து வைத்தாள். வீட்டுக்கு நடந்து வரும்போது கண்மாய்க்கரையில் அவள் ஆண்டவரிடம் எதுவும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும், "அந்த மனுசன் நிம்மதியாத் தின்னுக்கிட்டு இருந்தாரு. அதையும் கெடுத்துட்டேனோ" என்றாள். அன்று மட்டுமல்ல, பல நாள் அதைச் சொன்னாள்.

ஊரில் சிலர் அவள் அசனத்தை அவமானப்படுத்திவிட்டதாகப் பேசினார்கள். அருமைநாயகத்துக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. அந்தத் தீபாவளிக்கு அவர் கம்பெனியிலிருந்து முன்னைவிட அதிகமாகவே லாரிகள் கிளம்பின. இருளாண்டி எதிரே வந்தால் அம்மா ஒதுங்கி நின்றாள். அவனும் நிமிர்ந்து பார்க்காமல் போனான்.

ஏழு மாதம் அப்படியே போயிற்று. கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், காலையில் அம்மா அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தபோது இருளாண்டி எங்கள் வாசலில் வந்து நின்றான். வாட்ச்மேன் சட்டை போடவில்லை. அம்மா எழுந்தாள்.

"யோசிச்சுக்கிட்டே இருந்தேன்க்கா" என்றான். "அன்னைக்கு அம்புட்டுப் பேரு முன்னால கேட்டீக. அவரு, இல்ல, அவ தப்புதான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல. எம் மூஞ்சியப் பாத்தாரு. சொல்லலியே."

அம்மா அரிவாளைக் கீழே வைத்தாள். அவள் வாய் கோணிக்கொண்டது.

"அவ எங்கன நின்னா அப்ப? சொல்லுங்கக்கா. இப்பச் சொல்லுங்க."

அம்மா சொன்னாள். வேப்பமரம், வெக்கை, அருமைநாயகம் போட்ட சத்தம், வாசல்படி, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். அவன் படியில் குத்தவைத்து உட்கார்ந்து கேட்டான். கடைசியில் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, "நாளையிலருந்து உங்க கூட வெட்டுக்கு வாரேன்" என்றான். எழுந்து நாலடி போனவன் திரும்பி வந்தான். "அவ போட்டோ ஒண்ணு பெட்டிக்குள்ளயே கெடக்கு. ரெண்டு உசுர எடுத்தவள்னு ஊரு சொல்லும்போது எப்படிக்கா மாட்டுறது. இன்னைக்கு மாட்டணும். வாரீகளா?"

நாங்கள் போனோம். கம்பெனி அடையாள அட்டைக்கு எடுத்த படத்தை, அவள் செத்த புதிதிலேயே சிவகாசியில் ஒரு ஸ்டூடியோவில் பெரிதாக்கிச் சட்டம் போட்டிருந்தான். அதில் வள்ளித்தாய் சிரிக்காமல், ஆனால் சிரித்துவிடுவாள் போல இருந்தாள். அம்மா அதை முந்தானையால் துடைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வாசலில் வெள்ளைக் கார் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. தெருப்புழுதி கதவு வழியாக உள்ளே வந்தது. இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. இருளாண்டி ஆணியைச் சுவரில் வைத்து அடித்தான். காரை பெயர்ந்து விழுந்தது. தோளைச் சுவரில் முட்டுக்கொடுத்துக்கொண்டு, ஒரு சாண் தள்ளி வைத்து மறுபடியும் அடித்தான்.