சிரிக்க வைக்கிறவன் மீது ஒரு சந்தேகம்

என் மகள் நெவெனா மூடிய அறைக்குள் சிரித்தாள். அடக்கி அடக்கிப் பார்த்து, முடியாமல் வெடித்த சிரிப்பு. நான் அடுப்பில் மிளகாய் சுட்டுக்கொண்டிருந்தேன். அவளுடைய அப்பா பிளாமென் இறந்துபோனதிலிருந்து எங்கள் வீட்டில் அந்தச் சத்தம் கேட்டதே இல்லை. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ வயிறு எரிந்தது. என்னிடம் 'ம்', 'சரி', 'பசிக்கல' என்பதற்கு மேல் வாய் திறக்காதவளை உள்ளே சிரிக்க வைப்பது யார்?

கதவைத் திறந்து பார்த்தேன். ஆள் யாரும் இல்லை. மடியில் ஒரு புத்தகம், அதன் அட்டையில் தலையில் குருவிக்கூட்டை வைத்துக்கொண்டு நிற்கும் ஒரு வழுக்கைத் தலையன். எழுதியவனும் அவன்தான், பெயர் வெலிசார் தொனெவ்.

"என்னடி அப்படி ஒரு சிரிப்பு?"

"ஒண்ணுமில்ல."

"சொன்னா நானும் சிரிப்பேன்ல?"

"நீயா?" என்றாள். பிறகு எழுந்துவந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் விதின் என்ற ஆற்றங்கரை நகரத்தில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். நாள் முழுக்கப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, எனக்கென்று வைத்திருக்கும் பிரேக்கில் காலை வைத்தபடியே பிழைக்கிறேன். யாரையும் நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அதனால் நெவெனா பள்ளிக்கூடம் போனதும் அந்தப் புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தேன்.

எல்லாம் அவன் சொந்தக் கதை. மாமியார் வீட்டுக் கழிவறையில் தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டு, ஜன்னல் வழியாக இறங்கப்போய், திராட்சைப் பந்தலில் தொங்கினானாம். மனைவி விட்டுப்போன அன்று அவளுக்குப் பெட்டி தூக்கிக் கொடுக்கப்போய் இடுப்புப் பிடித்துக்கொண்டதாம். அவளே மருந்து தேய்த்துவிட்டுப் போனாளாம். ஒரு மனிதன் தன் மானத்தைத் தானே இப்படிக் கப்பலேற்றுவானா? ஏற்றினால் அதில் அவனுக்கு ஏதோ ஆதாயம் இருக்கிறது. என் அனுபவத்தில், வண்டியில் ஏறும்போதே "எனக்கு ஒண்ணும் தெரியாது மேடம்" என்று குழைகிறவன்தான் பிற்பாடு நான் சொல்வதைக் கேட்கவே மாட்டான். நாற்பத்தைந்து வயது ஆளுக்குப் பதினாறு வயதுப் பிள்ளைகளின் சிரிப்பு எதற்கு? எனக்கு ஒன்றும் நல்லதாகப் படவில்லை.

அன்று மாலை வகுப்புக்கு வந்தவள் ராலிட்சா. நெவெனாவுக்கு இரண்டு வகுப்பு மேலே படிக்கிறவள், வாயாடி. ரவுண்டானாவில் அவளைச் சுற்றவிட்டுக்கொண்டே விசாரணையைத் தொடங்கினேன்.

"நீயும் அந்த வழுக்கைத் தலையனைப் படிக்கிறியா?"

"தொனெவையா? யார்தான் படிக்கல மேடம்."

"அவன்கிட்ட அப்படி என்ன இருக்கு? கண்ணாடியப் பார்த்து ஓட்டு."

"பார்த்துட்டுதான் இருக்கேன். எங்களுக்குப் புத்தி சொல்லாத பெரியவரு அவரு ஒருத்தருதான் மேடம். மத்தவங்க எல்லாம் பொறக்கும்போதே கோட்டு போட்டுப் பொறந்த மாதிரி பேசுவாங்க. இவரு, தான் அசிங்கப்பட்டதை அப்படியே சொல்றாரு. நமக்கும் அப்படி ஆச்சுன்னா செத்துட மாட்டோம்னு ஒரு தைரியம்."

"அதெல்லாம் தூண்டில்டி. முதல்ல அவன் கதையைச் சொல்லுவான். அப்புறம் உங்க கதையப் பிடுங்குவான்."

"பிடுங்கவே வேணாம், நாங்களே குடுப்போம். எந்த ஊருக்குப் போனாலும் கடைசியில யாரையாவது மேடைக்குக் கூப்பிட்டு அவங்க மானம்போன கதையைச் சொல்லச் சொல்லுவாரு. வியாழக்கிழமை நம்ம படிப்பகத்துக்கு வர்றாரு. நம்ம நெவெனாதானே பேசப்போறா." என் முகத்தைப் பார்த்துவிட்டு இழுத்தாள். "உங்ககிட்ட சொல்லலையா மேடம்?"

நான் பிரேக்கை மிதித்துவிட்டேன். பின்னால் வந்த லாரிக்காரன் என் பரம்பரையையே திட்டினான்.

வியாழக்கிழமை வரை நெவெனா ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. என்ன சொல்லப்போகிறாள்? என்னைப் பற்றித்தான் இருக்கும் என்று எனக்குள் ஒரு பயம். என் கத்தல், என் கறார். ஊரார் முன்னால் என்னைச் சிரிப்பாய்ச் சிரிக்க வைத்துவிட்டு, அப்படியே அவன் பக்கம் போய்விடுவாளோ? கணவன் போய்விட்டான். இவளும் போய்விட்டால் எனக்கு வீடு என்று எதுவும் இல்லை.

தலையில் துணி கட்டிக்கொண்டு, படிப்பகக் கூடத்தில் தூணுக்குப் பின்னால் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். கூடம் முழுக்கப் பிள்ளைகள். தொனெவ் நேரில் இன்னும் சுமாராக இருந்தான், ஸ்வெட்டரில் முழங்கை கிழிந்திருந்தது. வேண்டுமென்றே கிழித்துக்கொண்டு வந்திருப்பான் என்று நினைத்தேன். அப்பாவின் சவ ஊர்வலத்தில் இரண்டு காலிலும் இடது கால் செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்த கதையை வாசித்தான். ஒரு இடத்தில் என்னையும் மீறிச் சிரித்துவிட்டேன். என் மேலேயே எரிச்சல் வந்து இருமுவதுபோல் மாற்றிக்கொண்டேன்.

பிறகு நெவெனா மேடையேறினாள். மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கப்பா போன வருஷம் செத்துட்டாரு," என்றாள். "எல்லார் வீட்டையும் போல நாங்களும் போட்டோ போட்டு அஞ்சலித் தாள் அச்சடிச்சு, வாசக்கதவு, மரம், பஸ் ஸ்டாப்புன்னு ஒட்டினோம். எங்கம்மா குடுத்தது ஏதோ கல்யாணத்துல எடுத்த போட்டோ. அச்சகத்துக்காரரு பக்கத்துல இருந்தவங்கள வெட்டிட்டாரு. ஆனா ஒரு கையை வெட்ட மறந்துட்டாரு. அப்பா தோள் மேல ஒரு கை. சிவப்பு நகச்சாயம் போட்ட பொம்பளைக் கை."

கூடத்தில் சிரிப்பு கிளம்பியது. அவளும் லேசாகச் சிரித்தாள்.

"எங்கம்மா நகச்சாயம் போட்டு நான் பார்த்ததே இல்ல. அவங்க கையில எப்பவும் கிரீஸ்தான் இருக்கும். அப்போ அது யாரு? ஊரே கேட்டிருக்கும், எங்ககிட்ட மட்டும் கேக்கல. நான் தெருத்தெருவாப் போய் நாணயத்தால அந்தக் கையை மட்டும் சுரண்டினேன். ஒரு நாள் பக்கத்து வீட்டம்மா பார்த்துட்டாங்க. அப்பா முகத்தைத் தடவிக் குடுக்கறேன்னு நெனச்சு, அழுதுட்டு, எனக்கு சாக்லேட் குடுத்தாங்க. வாங்கித் தின்னுட்டே அடுத்த மரத்தச் சுரண்டினேன்."

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தொனெவ் சிரிக்கவில்லை, அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒரு வருஷம் ஆச்சு. அம்மா மறுபடியும் தாள் அச்சடிச்சாங்க. மறுபடியும் அதே போட்டோ. மறுபடியும் அதே கை. அம்மாவுக்குத் தெரியலையா, இல்ல தெரிஞ்சேதான் ஒட்டறாங்களான்னு…"

ஒரு வருடம். இந்தப் பிள்ளை ஒரு வருடமாக இதை மனசுக்குள் பூட்டி வைத்துக்கொண்டு என் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறது. நான் எழுந்தேன். தலைத்துணி தூணின் ஆணியில் மாட்டிக்கொண்டு கழன்றது.

"அது என் கை," என்றேன்.

மொத்தக் கூடமும் திரும்பி என் கையைப் பார்த்தது.

"உன் கையா?" நெவெனாவின் குரல் மைக்கில் பெரிதாகக் கேட்டது. "சும்மா சமாளிக்காதம்மா."

"உன் சித்தப்பா கல்யாணம். லோம் ஊருக்குப் போய்ட்டிருந்தோம். நீ அப்போ என் வயித்துல. வண்டி நான்தான் ஓட்டினேன், உங்கப்பாவுக்கு ஓட்டத் தெரியாது, தெரியும்னு சொல்லிக்குவாரு. ரயில்வே கேட் சாத்தியிருந்துச்சு. கல்யாணத்துக்கு இப்படியா வருவன்னு, பின்னாடி உக்காந்திருந்த அவரு அக்காவோட பையில இருந்து நகச்சாயத்த எடுத்து என் வலது கையைப் பிடிச்சு வச்சுப் பூசினாரு. நகத்துல பாதி, விரல்ல பாதி. மூச்ச அடக்கிக்கிட்டுப் பூசினாரு, பெரிய ஆபரேஷன் பண்ற மாதிரி. அந்தக் கை முடியறதுக்கும் கேட்டத் திறக்கறதுக்கும் சரியா இருந்துச்சு. பின்னாடி நின்னவன் எல்லாம் ஹாரன் அடிக்கிறான்."

"இன்னொரு கை?" என்றாள்.

"கோட்டுப் பாக்கெட்டுக்குள்ள. கல்யாணம் முடியற வரைக்கும் வெளிய எடுக்கவே இல்ல. வட்டம் கட்டி ஆடறாங்க, எல்லாரும் ரெண்டு பக்கமும் கை கோக்கறாங்க, நான் ஒத்தைக் கையோட வரிசை ஓரத்துல ஆடறேன். எனக்குக் கை சுளுக்குன்னு உங்க பாட்டி ஊரெல்லாம் சொல்லிட்டாங்க. மூணு கிழவிங்க வந்து ரக்கியா சாராயத்த ஊத்தித் தேய்ச்சுவிட்டாங்க."

கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. யாரோ கையைத் தட்டினார்கள். நெவெனா சிரிக்கவில்லை. முகத்தை மைக்கோடு சேர்த்து இரு கையாலும் பொத்திக்கொண்டாள். அவள் அழுவது ஒலிபெருக்கியில் கேட்டது.

தொனெவ் மேடையிலிருந்து இறங்கி என்னிடம் வந்தான். "மேடம், இதை நான்…"

"எழுதினீன்னா, உன் மேல காரை ஏத்திடுவேன்," என்றேன்.

"இல்ல, நீங்களே எழுதணும்னு சொல்ல வந்தேன்."

நான் அதை நம்பவில்லை. அவன் கட்டுரை வரும் பத்திரிகையை இன்றுவரை வாரம் தவறாமல் வாங்கிப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

வெளியே, ஆற்றங்கரை மதிலோரம் நடந்தோம். நெவெனா என் வலது கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கொஞ்ச தூரம் போனதும் மனம் கேட்காமல் கேட்டுவிட்டேன்.

"யாரோ தெரியாத ஆள் முன்னாடி, ஊரே பார்க்க எல்லாத்தையும் சொல்லிட்ட. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதாடி?"

அவள் என் கையை விடவில்லை.

"அந்தாளு தன் கதைக்குத் தானே சிரிக்கிறாரும்மா," என்றாள். "நீ ஒரு வருஷமா சிரிக்கவே இல்ல. உன்கிட்டப் போய் இதை எப்படிக் கேக்கறது?"