எதிர்வாடையில் ஒரு கேமரா

பினாங்கின் டத்தோ கிராமாட் பகுதியில் கமலாம்பிகையின் வீட்டுக்கு வந்த எவரும் காப்பி குடிக்காமல் திரும்பியதில்லை. அன்று வந்த இருவருக்கும் அவள் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

புகழ்பெற்ற பழைய படமொன்று உருவான கதையைத் தொலைக்காட்சிக்காக எடுத்துக்கொண்டிருந்த தங்கராஜு ஒருவர். அந்தப் படத்தை இயக்கிய அர்ஜுனன் மற்றவர்.

அப்படத்தில் ஒரு சவ ஊர்வலம் வரும். வாசலில் விழுந்து கதறும் இளம் விதவையைக் கண்டு கலங்காதவர் பினாங்கில் இல்லை. அது நடிப்பு அன்று. இருபத்தைந்து ஆண்டுகளுக்குமுன் கமலாம்பிகையின் கணவருடைய பிரேதம் வீட்டைவிட்டுப் போனபோது, எவரையும் கேளாமல், தெருவின் எதிர்வாடையில் நின்று அர்ஜுனன் எடுத்துப் படத்தில் சேர்த்துக்கொண்ட காட்சி. ஊர் அவளுக்குச் ‘சினிமாக்காரி’ என்று பட்டம் சூட்டியது. இறந்தவரின் பெயரை மட்டும் ஒருவரும் சொன்னதில்லை. அதைச் சொல்லவைப்பதற்காகவே இன்று கதவைத் திறந்திருந்தாள்.

தங்கராஜு கேமராவை ஓடவிட்டதும் அர்ஜுனன் கலகலப்பானார். கிளிசரினே தேவைப்படவில்லை என்று புகழ்ந்தார். தற்செயலாக அவ்வழியே போனார்களாம். கடவுளாகப் பார்த்துக் கொடுத்த காட்சியாம்.

தற்செயலுக்குக் கேமராத் தாங்கிபோல் மூன்று கால் முளைத்து என் வாசலுக்கு நேரே நின்றதோ என்று கேட்டாள் கமலாம்பிகை.

தொழிற்பெருமை அர்ஜுனனின் நாவில் அடங்காது. “அதுலதாம்மா டைரக்‌ஷனே இருக்கு. பொம்பளைங்க சுடுகாட்டுக்கு வரமாட்டாங்க, வாசலோட நின்னுருவாங்கன்னு நமக்குத் தெரியும்லா. காலையிலேயே வந்து ஃபோக்கஸை அங்க வெச்சிட்டோம்.”

சொன்னபிறகுதான் சொன்னது அவருக்கே உறைத்தது. நிறுத்தும்படி தங்கராஜுவுக்குக் கையைக் காட்டினார். தங்கராஜு நிறுத்தவில்லை.

“காலையிலேயே வந்தவர், செத்தது யாரென்று விசாரித்தீர்களா?”

“பழசையெல்லாம் எதுக்கும்மா கிளறிக்கிட்டு? என்னாலதான் அவரு இன்னைக்கும் தியேட்டர்ல இருக்காரு.”

“எவர்?”

அர்ஜுனன் தங்கராஜுவைத் திரும்பிப் பார்த்தார்.

“தெரியாவிட்டால் கேளுங்கள்,” என்றாள். “அன்றே கேட்டிருக்க வேண்டியது.”

கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அர்ஜுனன் தரையைப் பார்த்தபடி, அவர் பேரென்ன என்று கேட்டார்.

“குலசேகரம்.”

“குலசேகரம்,” என்று அவர் முனகினார்.

“என்னிடம் வேண்டாம், எனக்குத் தெரியும். அது யாருடைய பிரேதம், யாரைக் கேளாமல் எடுத்தீர்கள் என்று ஊருக்குச் சொல்லுங்கள். முழு வாக்கியமாக.”

அர்ஜுனன் நாற்காலியை மெதுவாகக் கேமராவின் பக்கம் திருப்பினார்.