வந்துட்டேன் என்றது திரை

கண் ஆஸ்பத்திரி வரவேற்பில் உட்கார்ந்திருப்பவள் நான். புரோகிராம் எழுதத் தெரியாது. கம்ப்யூட்டரில் கட்டங்களை இழுத்து வைத்துக் கோத்தாலே செயலி தயார் என்றார்கள்; ஆறு வாரம் மல்லுக்கட்டிக் காத்திருப்பு அறைக்கு ஒரு திரை செய்தேன். ஆபரேஷன் முடிந்ததும் உள்ளே நர்ஸ் பட்டனை அழுத்துவார். அது 'முடிஞ்சாச்சு' என்றொரு இவென்ட்டை, அதாவது ஒரு சேதியை, திரைக்கு அனுப்பும். அதைக் கேட்டதும் திரை அந்த டோக்கன் எண்ணை மஞ்சளிலிருந்து பச்சையாக்கும். அவ்வளவுதான் சங்கதி.

போன வாரம் ஒரு அம்மா, கணவரின் இடது கண் ஆபரேஷன் முடிந்த பிறகும் ஒன்றரை மணி நேரம் மஞ்சளையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே என்னமோ ஆகிவிட்டது என்று அழுதே விட்டார். பிறகு நான் பத்துத் தடவை சோதித்தேன். பத்துத் தடவையும் சமர்த்தாகப் பச்சை காட்டி என் மானத்தை வாங்கியது அந்தத் திரை.

"இன்னைக்கு ஒரு நாள் பாப்போம். மறுபடி சொதப்புச்சுன்னா கழட்டிடுவேன்" என்றார் மேனேஜர்.

இன்று அதே கணவருக்கு வலது கண், டோக்கன் பதினாலு. அந்த அம்மா நாற்காலிப் பக்கமே போகவில்லை. என் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உக்காருங்கம்மா, திரையில வரும்."

"உங்க திரைய நம்பிப் பட்டது போதும். நானே உங்களக் கேட்டுக்கிறேன்."

சுருக்கென்றது. சூடாகப் பதில் சொல்ல வாயெடுத்தேன்; அதற்குள் திரை அணைந்தது. துப்புரவு அக்கா, தரை துடைக்கும் மெஷினுக்காக அதன் பிளக்கைப் பிடுங்கியிருந்தார்.

"அன்னைக்கும் இப்படித்தான் கொஞ்ச நேரம் இருட்டா கெடந்துச்சு" என்றார் அந்த அம்மா.

தலையில் அடித்துக்கொண்டேன். அன்று இவென்ட் வந்தபோது திரை விழித்திருக்கவில்லை. விழித்த பிறகாவது 'என்ன ஆச்சு' என்று கேட்கத் தெரிய வேண்டாமா? கேட்க நான்தான் சொல்லிக் கொடுக்கவில்லை.

பிளக்கை மறுபடி செருகிவிட்டு உட்கார்ந்தேன்; கால் மணி நேர வேலை. ஆன் ஆனதும் திரையே 'வந்துட்டேன்' என்றொரு இவென்ட்டை அனுப்ப ஒரு கட்டம். அதைக் கேட்டதும் உள்ளே நர்ஸின் கம்ப்யூட்டர் இதுவரை முடிந்த எண்களை மறுபடி சொல்ல இன்னொன்று. மேனேஜரைக் கூப்பிட்டு நிறுத்தி, அவர் கண்ணெதிரே நானே பிளக்கைப் பிடுங்கினேன்.

"என்னம்மா பண்ற?"

"கொஞ்சம் பொறுங்க சார்."

போனில் நர்ஸ், "பதினொண்ணு முடிஞ்சுது, அழுத்திட்டேன்" என்றதும் பிளக்கைச் செருகினேன். திரை வெளுத்தது, எல்லா எண்களும் மஞ்சளாக வந்தன. முடிந்தவை வரிசையாகப் பச்சையாகி, கடைசியில் பதினொன்றும் பச்சையானது. மூலையிலிருந்து ஒருவர் எழுந்து கதவை நோக்கி ஓடினார்.

"சரி, இருந்துட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டு மேனேஜர் நடையைக் கட்டினார்.

அந்த அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேஜையிலிருந்து கையை எடுத்தார்.

"ராத்திரி பூரா தூங்கல. கொஞ்சம் கண்ணசந்தாலும், முழிச்சதும் அது சொல்லும்ல?"

"சொல்லும்மா."

பதினாலு இன்னும் மஞ்சள்தான். அவர் முன்வரிசையில் போய் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டினார்.